செங்காங், பொங்கோல் எல்ஆர்டி: புறநகருக்கு ஏற்ற ரயிலா?

வளர்ந்துவரும் புறநகருக்கு இலகு ரயில் தேவையா, பேருந்தே போதாதா என்று கேட்பவர்களுக்குச் சிங்கப்பூரில் ஏட்டுச் சுரைக்காயைக் காட்டி விளக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் புறநகர்களான செங்காங்கிலோ பொங்கோலிலோ ஒரு மாலைப்பொழுதில் எல்ஆர்டி எனப்படும் இலகு ரயிலில் ஏறி வளையம் முழுவதையும் சுற்றிவந்தால் பாதி விடை கிடைத்துவிடும். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சேவையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். குடியிருப்பாளர்கள் வந்து சேர்வதற்கு முன்பே தடத்தைப் போட்டுவைத்த முன்யோசனைதான் அதற்கு முதற்காரணம்.

செங்காங்கின் கிழக்கு வளையம் 2003 ஜனவரி 18ஆம் தேதி ஓடத் தொடங்கியது. நகர மையத்துக்கு அழைத்துச்செல்லும் வடகிழக்கு எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) பாதையே அதன் பின்னர் ஜூன் மாதத்தில்தான் திறக்கப்பட்டது. செங்காங் மேற்கு வளையமும் பொங்கோல் கிழக்கு வளையமும் 2005 ஜனவரியிலும், பொங்கோல் மேற்கு வளையம் 2014 ஜூனிலும் சேர்ந்துகொண்டன. இன்று இரு நகர்களிலும் சேர்த்து 29 நிலையங்களும் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தடமும் உள்ளன. எஸ்பிஎஸ் டிரான்சிட் என்ற போக்குவரத்து நிறுவனம் நடத்தும் இந்த ரயில்கள் மிட்சுபிஷி தயாரிப்பு. ஓட்டுநர் இல்லாமல், ரப்பர் சக்கரங்களில், மேம்பாலத் தடத்தில் ஓடுகின்றன. வெளிநாடுகளில் தெருவின் நடுவே தண்டவாளத்தில் ஊர்ந்து செல்லும் டிராம் வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் இதைக் கண்டு சற்றுக் குழம்பக்கூடும்.

பயணியாக எனக்கு மிகவும் பிடித்தது, மற்ற சேவைகளுடன் இது இணையும் விதம். செங்காங் நிலையத்தில் எம்ஆர்டி நிலத்துக்கு அடியிலும் எல்ஆர்டி மேல்தளத்திலும் இருப்பதால், மின்படியில் ஏறிவந்தால் போதும். மழைக்குக் குடை விரிக்க வேண்டியதில்லை. கட்டணம் பயணத் தொலைவைக் கொண்டு கணக்கிடப்படுவதால் ரயில் மாறுவதற்கென்று தனியாக எதுவும் கழிக்கப்படுவதில்லை. செங்காங் பொது மருத்துவமனைக்குச் செல்பவர்கள் செங் லிம் நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். சக்கர நாற்காலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் நடைமேடையிலிருந்து நேராகப் பெட்டிக்குள் போய்விடுகின்றன; பேருந்தில் ஓட்டுநர் எழுந்துவந்து சாய்தளத்தை விரிக்கும்வரை எல்லோர் பார்வைக்கும் ஆளாகிக் காத்திருக்கும் சங்கடம் இங்கு இல்லை. ஓட்டுநர் இருக்கை இல்லாததால் பெட்டியின் முன்கண்ணாடி பிள்ளைகளின் வசமாகிவிடுகிறது. பாட்டி கையைப் பிடித்து இழுத்தாலும் நகராமல், கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி, அடுத்த வளைவில் தடம் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தங்கம், கடலூர் என்று நிலையப் பெயர்களைக் கேட்டதும் தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தினர்கள் நிமிர்ந்து உட்காருவது தனி வேடிக்கை.

வளரும் ஊர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது பூட்டிக் கிடந்த நிலையங்களிடம் இருக்கிறது. பாதை திறந்தபோது சில நிலையங்கள் கட்டி முடிக்கப்பட்டும் திறக்கப்படவில்லை. சுற்றிலும் வெற்று நிலமாக இருந்ததால் ரயில் அங்கு நிற்காமல் கடந்துசென்றது. ஃபார்ம்வே நிலையம் 2007இலும், செங் லிம் 2013இலும், குப்பாங் 2015இலும் திறக்கப்பட்டன. பொங்கோல் மேற்கு வளையத்தில் உள்ள டெக் லீ நிலையமோ பாதை தொடங்கிப் பத்து ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் பயணிகளைக் கண்டது. ஆளில்லாத இடத்தில் நிலையம் எதற்கு என்ற முணுமுணுப்பு நியாயமானதாகத் தோன்றலாம். ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள் நெருக்கமாக எழும்பிய பிறகு தூண் ஊன்ற இடம் தேடுவதோடு ஒப்பிட்டால், பூட்டிய நிலையம் மலிவான சேமிப்புதான். பேருந்துகளை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். கட்டடங்களுக்கு நடுவே முதலிலேயே ஒதுக்கிவைக்காத வழியைப் பிறகு உண்டாக்க முடியாது.

பின்னால் கொண்டுவந்து செருகினால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரின் இன்னொரு புறநகரான புக்கிட் பாஞ்சாங் சான்று. 1999 நவம்பரில் திறக்கப்பட்ட அதுவே நாட்டின் முதல் எல்ஆர்டி. மக்கள் ஏற்கெனவே குடியேறிவிட்ட பேட்டைக்குள் வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்ததால், தடம் கூர்மையான வளைவுகளும் ஏற்ற இறக்கங்களுமாக அமைந்தது. விமான நிலைய முனையங்களுக்கு இடையே ஓடும் வகையைச் சேர்ந்த பெட்டிகள் அதில் ஓட விடப்பட்டன. வீடுகளை ஒட்டிச் செல்லும் இடங்களில் சன்னல் கண்ணாடி தானாகவே வெண்மையாக மங்கி, சில நொடிகளில் மீண்டும் தெளிவாகும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனால் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைக்கு அவ்வளவு அருகில் ரயில் போகிறது என்பதை அதுவே ஒப்புக்கொள்கிறது. அடிக்கடி ஏற்பட்ட கோளாறுகளுக்குப் பின், 2018இல் 344 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒப்பந்தத்தில் முழுமையான புதுப்பிப்புக்கு வழிசெய்யப்பட்டது. புதிய பெட்டிகள் 2024 முதல் ஓடுகின்றன. இப்போது பயணம் முன்பைவிட இதமாக இருக்கிறது. வளைவுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

செங்காங், பொங்கோல் சேவைக்கு நான் மதிப்பெண் குறைப்பது பெட்டிகளின் எண்ணிக்கையில். ஒரு பெட்டியில் ஏறத்தாழ 105 பேர் ஏறலாம், அவர்களில் பெரும்பாலோர் நின்றுகொண்டுதான். இளங்குடும்பங்கள் நிறைந்த நகரில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புவார்கள் என்பதை முதலிலேயே எதிர்பார்த்திருக்கலாம். நல்லவேளையாக, நடைமேடைகள் இரண்டு பெட்டிகளுக்கு ஏற்ற நீளத்தில் கட்டப்பட்டிருந்தன. ஆகவே 2016இல் இரு பெட்டி ரயில்கள் ஓடத் தொடங்கியபோது நிலையங்களை இடித்துக் கட்ட வேண்டிய தேவை எழவில்லை. இப்போது 25 புதிய இரு பெட்டி ரயில்கள் வாங்கப்பட்டு, 2025 முதல் படிப்படியாகச் சேவையில் சேர்க்கப்படுகின்றன. அவற்றை நிறுத்திவைக்க செங்காங் பணிமனையும் 3.5 ஹெக்டரிலிருந்து 11.1 ஹெக்டராக விரிவுபடுத்தப்படுகிறது. இவையெல்லாம் சில ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டியவை.

இன்னொரு குறை, மாற்று வழியின்மை. பேருந்து பழுதானால் அடுத்தது அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வளையத் தடத்தில் ஒன்று நின்றால் பின்னால் வருபவையும் நிற்கும். 2025 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஏற்பட்ட மின்கோளாறு வடகிழக்குப் பாதையோடு இவ்விரு எல்ஆர்டி பாதைகளையும் சேர்த்து முடக்கியது. எனவே இலகு ரயில் வந்துவிட்டது என்று சொல்லிப் பேட்டைக்குள் ஓடும் பேருந்துகளைக் குறைப்பதை நான் எதிர்ப்பேன்.

முதன்முறை ஏறிப் பார்க்க விரும்புகிறவர்கள் காலை உச்சநேரத்தைத் தவிர்த்துவிட்டு, பொங்கோல் மேற்கு வளையத்தில் தொடங்கலாம். நடைமேடைப் பலகையில் வளையமும் திசையும் குறிக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் எதிர்த்திசை ரயிலில் ஏறிவிட்டாலும் இறங்கத் தேவையில்லை, சற்றுத் தாமதமாக அதே நிலையத்துக்குத்தான் வந்து சேரும்.