மூன்டிராப் சூ 2: நூறு ரிங்கிட்டுக்குள் நல்ல ஒலி

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் மலிவு இயர்போன் தேடுவோர் இதைக் கேட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். 10 மி.மீ. டைனமிக் டிரைவர் (ஒலி எழுப்பும் பகுதி), கழற்றி மாற்றக்கூடிய 0.78 மி.மீ. இரு ஊசி இணைப்புள்ள கேபிள். குரல் தெளிவு அருமை. தவில் வாசிப்பைப் போட்டுக் கேளுங்கள்: வலப்பக்கமான வலந்தலையின் சுள்ளென்ற அடியும் இடப்பக்கமான தொப்பியின் கும்மென்ற ஒலியும் குழம்புவதே இல்லை. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது, சத்தத்தைக் கூட்டியிருந்தால் கொஞ்சம் குத்தும்.

பேஸ் (கீழ்த்தாய ஒலி) மெலிந்து கேட்டால் உடனே கருவியைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் ரப்பர் முனை காதைச் சரியாக அடைத்திருக்காது. ஓர் அளவு பெரியதைப் போட்டு, காது மடலை மேலும் பின்னும் இழுத்தபடி செருகுங்கள். நன்றாக அடைத்துவிட்டால், எல்.ஆர்.டி. ரயில் இரைச்சலில்கூட சத்தத்தை அதிகம் ஏற்ற வேண்டியிருக்காது. கேபிள் காதைச் சுற்றிப் போவதால் கண்ணாடி அணிவோருக்கு உறுத்தலாம். ஒலிக்குழாய் முனையில் உள்ள வலையைக் காதழுக்கு அடைத்தால் ஒரு பக்கம் ஒலி குறையும். அந்த முனையைத் திருகிக் கழற்றி மாற்றலாம், இந்த விலையில் அது பெரிய வசதி.