பெரியமேட்டு அடித்தோல்: மேடைக் கவசம் செய்பவளின் மதிப்பீடு

கவசம் செய்யத் தோல் தேடுகிறவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னை பெரியமேட்டில் செருப்பின் அடிப்பாகத்துக்கென்று விற்கும் எருமை அடித்தோல், மேடைக் கவசத்துக்காக நான் கையாண்ட பொருள்களிலேயே மிகச் சிறந்தது. மார்க்கவசம், தோள்காப்பு, முன்கைக் காப்பு என்று விறைப்பாக நிற்க வேண்டிய எதற்கும் தயங்காமல் இதை வாங்கலாம். பூவேலை செதுக்குவதற்கும் வெளிர் நிறச் சாயம் ஏற்றுவதற்கும் இது ஒத்துவராது.

நான் தொழிலால் தையற்காரி. பெரம்பூரில் கடை. நாடகக் குழு ஒன்றுக்கு உடை தைத்துக் கொடுக்கத் தொடங்கியதில், போர்வீரர் வேடங்களுக்குக் கவசம் செய்யும் ஆசை ஒட்டிக்கொண்டது. அட்டையில் செய்து வெள்ளி வண்ணம் அடித்தால் மேடை விளக்கில் அட்டையாகவே தெரியும். இப்போது பலரும் பயன்படுத்தும் ஈவிஏ ஃபோம் என்ற மெத்தென்ற நுரைத்தாள் எடையும் குறைவு, செலவும் குறைவு. பறக்கும் உயிரினங்கள், பெரிய கொம்பு வைத்த தலையணிகள் போன்றவற்றுக்கு அதுவே சரி. ஆனால் போர்வீரன் குனிந்து நிமிரும்போது அது ரப்பராக நெளிகிறது. தோல் கவசத்தை மாட்டிவிட்டதும் நடிகரின் முதுகு தானாக நிமிர்வதை ஒவ்வொரு ஒத்திகையிலும் பார்க்கிறேன். நடையும் மாறிவிடுகிறது. அதற்காகத்தான் இவ்வளவு உழைப்பும்.

எல்லாத் தோலும் கவசத்துக்கு உதவாது. இன்று சந்தையில் பெரும்பகுதி குரோமியம் உப்பில் பதனிட்ட தோல். கைப்பைக்கும் ஷூவின் மேற்பகுதிக்கும் அது அருமையானது. ஆனால் தண்ணீரில் ஊறவைத்து வளைத்தால் காய்ந்ததும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். கவசத்துக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். ஈரத்தில் எந்த வடிவத்துக்கு வளைக்கிறோமோ அந்த வடிவத்திலேயே அது உலர்ந்து இறுகும். இந்த வித்தையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஆவாரம் பட்டையில் பதனிட்டு, கடுக்காய்ச் சாற்றில் முடித்து, இங்கிருந்து கப்பலேறிய தோலுக்கு வெளிநாட்டு வணிகர்கள் கிழக்கிந்தியத் தோல் என்றே பெயர் வைத்திருந்தார்கள். பின்னாளில் ஆவாரம் பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி, வாணியம்பாடி ஆகிய ஊர்களின் பெயர்கள் இந்தத் தொழிலோடு சேர்ந்தே வரும். 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அடையாற்றில்தான் இருக்கிறது. இவ்வளவும் பக்கத்தில் இருக்க, கவசம் செய்கிற நம் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து தோல் வரவழைத்துச் சுங்கவரி கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

பெரியமேடு சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம். அங்கே கடைக்காரர்கள் செருப்புக் கணக்கில்தான் பேசுவார்கள். முதல் முறை நான் தடித்த தோல் கேட்டதும் பெரியவர் ஒருவர், "எத்தனை ஜோடிக்கு அம்மா?" என்றார்.

"செருப்புக்கு இல்லை பாய், நாடகக் கவசத்துக்கு."

அவர் தோலை எடுத்து இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார். "நெஞ்சுக்கு என்றால் முதுகுப் பாகத்தை எடுங்கள். வயிற்றுப் பாகம் இழுபடும்." அந்த ஒரு வரி, நான் பார்த்த பல காணொளிகளைவிடப் பயன்பட்டது. முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் நார் அடர்த்தி. அங்கே வெட்டிய மார்க்கவசம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் உலர்கிறது. வயிற்றோரத்தில் வெட்டினால் ஒரு பக்கம் தொங்கும். விலை குறைவென்று வயிற்றுப் பாகத்தைக் கொடுத்தால், சிறு தகடுகளாக வெட்டிக் கயிற்றால் கோக்கும் கவசத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திபெத்திய வீரர்கள் அணிந்த கவசங்களில் அப்படித் தோல் தகடுகளைக் கோத்துச் செய்தவையும் உண்டு. தகடு சிறியதென்பதால் தோலின் குறை தெரியாது.

ஷூவின் மேற்பகுதிக்கான தோலை விற்பது சதுர அடிக்கணக்கில், அடித்தோலை விற்பது கிலோக்கணக்கில். புதிதாகப் போகிறவர்கள் இங்கேதான் திணறுவார்கள். நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள தோல் சதுர அடிக்கு ஏறக்குறைய 370 கிராம் வரும் என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு இரண்டரை சதுர அடிக்குச் சற்று மேல். முன்கைக் காப்பு ஒரு ஜோடிக்கு இரண்டு சதுர அடி போதும். முன்னும் பின்னும் சேர்ந்த மார்க்கவசத்துக்குப் பத்து சதுர அடி, அதாவது நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வெளிநாட்டுக் கையேடுகளில் தடிமனை அவுன்சில் சொல்வார்கள்; ஒரு அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். எட்டு முதல் பத்து அவுன்ஸ் என்று அவர்கள் எழுதுவதை மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் என்று கடையில் கேட்டால் சரியாகக் கிடைக்கும்.

இனி வேலை செய்யும்போது இந்தத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்கிறேன். அடித்தோலை உருளையில் அழுத்தி இறுக்கியிருப்பார்கள். அதனால் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். வெதுவெதுப்பான நீரில் போட்டு, குமிழிகள் எழுவது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பாலித்தீன் பையில் சுற்றி ஓர் இரவு வைத்தால் ஈரம் சீராகப் பரவும். காலையில் கையில் எடுத்தால் குளிர்ந்த களிமண் மாதிரி இணங்கும். ரவிக்கையில் உடல் வளைவுக்காக மடித்துத் தைக்கும் டார்ட்டெல்லாம் இந்தத் தடிமனில் நடக்காது. உடலின் வளைவைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் கொண்டுவர வேண்டும். நான் துணிக்கடைப் பொம்மையின் மேல் பாலித்தீன் சுற்றி, அதன்மேல் தோலை வைத்து, நாடாவால் கட்டி நிழலில் உலர்த்துகிறேன். முன்கைக் காப்புக்குத் தடித்த பிவிசி குழாய் போதும். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் கருத்துவிடும்.

இன்னும் இறுக வேண்டுமானால் வெந்நீர் முறை இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் இறுக்கிய தோலில் கைக்கவசங்கள் செய்தார்கள். ஊறிய தோலை 80 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டிலுள்ள நீரில் ஒரு நிமிடம்போல முக்கினால் நார்கள் சுருங்கித் தோல் தடிக்கும். எடுத்த உடனே வடிவத்தில் அழுத்திவிட வேண்டும், கை உறை கட்டாயம். கொதிக்கும் நீரில் விட்டால் நொறுங்கும் பண்டமாகிவிடும். தோலுக்குத் தோல் சுருங்கும் அளவு மாறுவதால், ஒவ்வொரு தோலிலும் ஓரத் துண்டு ஒன்றை முக்கி, முன்னும் பின்னும் அளந்து, அதற்கேற்பக் காகித வெட்டுப் படிவத்தைப் பெரிதாக்குங்கள். பெரியமேட்டு எருமைத்தோல் இந்த முறையில் அபாரமாக இறுகுகிறது. விரல் கணுவால் தட்டினால் மரக்கதவைத் தட்டிய ஒலி வருகிறது. மேடைச் சண்டையில் மரவாள் அதன்மேல் படும் ஓசை கடைசி வரிசைவரை கேட்கிறது! நடிப்புக்கு அது எவ்வளவு துணை என்பதை நாடகம் போடுகிறவர்கள் அறிவார்கள்.

குறைகளும் சிறியவை அல்ல. எருமைத்தோலின் மேல்பரப்பு சொரசொரப்பானது. துளைகள் கண்ணுக்குத் தெரியும், உண்ணி கடித்த தழும்பும் முள் கீறிய கோடும் இருக்கும். பழைய போரில் அடிபட்ட கவசத்துக்கு அது அழகு. அரசனின் கவசத்துக்கு அழகல்ல. அதற்கு மாட்டுத்தோல் வாங்குங்கள். நிறமும் தோலுக்குத் தோல் மாறுவதால், ஐந்து வீரர்களுக்கு ஒரே சீராக வேண்டுமானால் கறுப்பாக்கிவிடுவதே வழி. அது சுலபம்: இரும்புத் துருவலை வினிகரில் சில நாள் ஊறவைத்து வடிகட்டிப் பூசினால், பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து தோல் அங்கேயே கறுக்கும். பிறகு சமையல் சோடா கலந்த நீரால் துடைக்க வேண்டும். இதே காரணத்தால் ஈரத்தோலை இரும்பு மேசையில் வைக்கக் கூடாது. ரிவெட்டும் பக்கிளும் பித்தளையாக இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் மூடாமல் பருத்தித் துணியில் சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். நடிகரின் வியர்வை படாமல் உள்ளே பருத்தி உள்துணி தைத்துவிடுவதும் அவசியம்.

இணையத்தில் கவசத்துக்கென்றே விற்கும் தோலைப் பற்றியும் ஒரு சொல். விற்பனையாளர் ஒருவர் எனக்கு அனுப்பியது குரோம் தோல். வெட்டிய ஓரம் நீலச்சாம்பலாக இருந்தது. சொட்டுத் தண்ணீர் விட்டால் இறங்கவில்லை. வெந்நீரில் போட்ட துண்டு அப்படியே கிடந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். பெரியமேட்டில் ஓரத்தைப் பார்த்து, வளைத்து, முகர்ந்து வாங்கலாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலுக்கு ஈர மரத்தின் வாசம் இருக்கும்.

போகும்போது வெட்டுப் படிவங்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தோலின்மேல் பரப்பிப் பார்த்துத் தழும்புகளைத் தவிர்க்கலாம், தேவையான பாகத்தை மட்டும் வெட்டித் தரச் சொல்லலாம். முழுத்தோலை ஆட்டோவில் சுருட்டித் திணித்தால் விழும் மடிப்பு பிறகு போகாது. வார்களுக்கு இரண்டு மில்லிமீட்டர் மாட்டுத்தோலையும் அங்கேயே வாங்கிவிடலாம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் பல கடைகள் சாத்தியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.