சிடிசியின் ஹீமோஃபிலியா பி பிறழ்வுப் பட்டியல்: மூதாதையைத் தேட எவ்வளவு தூரம் உதவும்?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி இலவசமாகத் தரும் எக்ஸெல் கோப்பு இது. சுருக்கப் பெயர் சிஎச்பிஎம்பி. ஹீமோஃபிலியா பி என்பது இரத்தம் உறைய உதவும் காரணி 9 என்ற புரதத்தின் குறையால் வரும் பரம்பரை நோய். அந்தக் காரணிக்கான எஃப்9 மரபணுவில் உலகெங்கும் பதிவான பிறழ்வுகள் (மரபணு மாற்றங்கள்) இதில் உள்ளன. ஒரு குடும்பத்தில் கண்ட பிறழ்வு முன்பே எங்காவது வந்திருக்கிறதா, அப்போது நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்று பார்க்க மிக நல்ல கருவி. ஆனால் வெவ்வேறு ஊர்களில் தென்படும் ஒரே பிறழ்வு ஒரே மூதாதையிடமிருந்து வந்ததா என்பதை இது சொல்லாது. பிறழ்வுக்கு ஒரு வரிதான்; அதன் பின்னால் எத்தனை குடும்பங்கள் என்பது தெரியாது.

தேடும்போது, பிறழ்வு புரதத்தில் எந்த இடத்தில் என்று காட்டும் எண்ணில் கவனம் வேண்டும். பழைய கட்டுரைகள் முன்பகுதி வெட்டப்பட்ட முதிர்ந்த புரதத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணின. பிறழ்வுகளுக்குப் பெயரிடும் இன்றைய சர்வதேச முறையான எச்ஜிவிஎஸ், புரதத்தின் முதல் அமினோ அமிலமான தொடக்க மெத்தியோனினிலிருந்து எண்ணுகிறது. எஃப்9-இல் வித்தியாசம் 46. பழைய ஐசோலூசின் 397 இப்போது 443. திரியோனின் 296 இப்போது 342. கிளைசின் 60 இப்போது 106. பட்டியல் இரண்டு எண்களையும் தருவது பெரிய உதவி. ஹீமோஃபிலியா ஏ-க்கான எஃப்8 மரபணுவில் வித்தியாசம் 19 மட்டுமே.

மேலே சொன்ன மூன்று இடங்களும் சும்மா எடுத்தவை அல்ல. அமெரிக்க ஹீமோஃபிலியா பி நோயாளிகளில் சுமார் கால் பங்கினர் மூன்று மூதாதையரின் வழிவந்தவர்கள் என்பதற்கு 1991இல் வெளியான ஆய்வு ஆதாரம் தந்தது. அந்த மூன்று பிறழ்வுகள் இவைதான். கடுமை குறைந்த பிறழ்வுகள் என்பதால் நோயுள்ள ஆண்களும் பிள்ளை பெற்றார்கள், பிறழ்வும் தலைமுறைகளைக் கடந்தது.

443-இல் ஐசோலூசின் திரியோனினாவது சிபிஜி இடத்தில் (டிஎன்ஏவில் சி எழுத்தை அடுத்து ஜி வரும் இடம்) நடப்பதல்ல. ஆகவே பல குடும்பங்களில் கண்டால் முதலில் பொது மூதாதையைச் சந்தேகிக்கலாம். 342-இல் திரியோனின் மெத்தியோனினாவது வேறு கதை. சிபிஜியில் மெத்தில் ஏறிய சி எளிதில் டி ஆகிவிடும். உறவே இல்லாத குடும்பங்களிலும் அது புதிதாகப் பிறக்கும். இங்கே ஹாப்லோடைப் (ஒரே குரோமோசோமில் சேர்ந்து கடத்தப்படும் குறிகளின் தொகுப்பு) பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது.

அதற்கு நோயுள்ள ஆணின் டிஎன்ஏ வசதி: எக்ஸ் குரோமோசோம் ஒன்றே என்பதால் ஹாப்லோடைப்பை நேரடியாகப் படிக்கலாம். பெண்ணின் மாதிரி என்றால் தந்தை அல்லது மகனின் மாதிரியும் தேவை. எஃப்9-க்குள் இருக்கும் குறிகள், உதாரணமாக 194-இல் உள்ள மால்மோ குறி (நோய் தராத சாதாரண வேறுபாடு), பொருந்திவிட்டால் மட்டும் போதாது. அவை ஒன்றோடொன்று பிணைந்தே கடத்தப்படுவதால், அந்தச் சமூகத்தில் பரவலாக உள்ள ஹாப்லோடைப்பாகவே அது இருக்கலாம். மரபணுவின் இருபுறமும் உள்ள எஸ்டிஆர் குறிகளையும் (சிறு டிஎன்ஏ துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள்), அதே சமூகத்து நோயற்ற ஆண்களின் மாதிரிகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு எஸ்டிஆரில் துண்டுகளின் எண்ணிக்கையில் ஒன்று மட்டும் வித்தியாசம் வந்தால் உடனே உறவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம், எஸ்டிஆரும் மாறக்கூடியதே.

ஹீமோஃபிலியா ஏ-க்கு சாம்ப் என்ற தனிப் பட்டியல் உண்டு. ஆனால் கடுமையான ஹீமோஃபிலியா ஏ-வில் சுமார் 45 சதவீதத்துக்குக் காரணமான இன்ட்ரான் 22 தலைகீழாக்கம் (எஃப்8-இன் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பிவிடுவது) எக்சான்களை (மரபணுவின் புரதத்துக்கான பகுதிகள்) வரிசைப்படுத்தினால் தெரியாது; இன்வர்ஸ் பிசிஆர் அல்லது நீள் பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனையை முதலில் செய்யுங்கள். பெரும்பாலும் ஆண் இனப்பெருக்க அணுக்களில் புதிதாக நிகழ்வது அது. அதற்குப் பொது மூதாதை தேடுவது வீண் செலவு.