மாலை 5.10-க்கு இறங்கும் விமானமும் கடலில் மூழ்கிய எங்கள் ஒரு இரவும்

கணக்குத் தணிக்கைதான் என் தொழில். மற்றவர்கள் பில்லில் ஓட்டை கண்டுபிடித்தே முப்பது ஆண்டுகளை ஓட்டியவன். அப்படிப்பட்ட என்னை ஒரு பயண முகவர் எவ்வளவு எளிதாக ஏமாற்றினார் என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாலத்தீவுக்குப் பணம் கட்டப்போகிறவர்கள் யாராவது இதைப் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காக பா பவளத் தீவுக்கூட்டத்தில் இருக்கும் ஒரு சொகுசு விடுதியில் நான்கு இரவுகள் பதிவு செய்திருந்தோம். நீர்மேல் வில்லா, மூன்று வேளைச் சாப்பாடு, போகவரக் கடல் விமானம், எல்லா வரிகளும் சேர்த்து ஒரே தொகை என்று முகவர் சொன்னார். விமான டிக்கெட்டையும் அவரே போட்டுக்கொடுத்தார். இந்தக் கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைநகர் மாலேயின் வேலானா விமான நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது மாலை 5.10. குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு கடல் விமானக் கவுண்டரைத் தேடிப் போனபோது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அங்கிருந்த இளைஞர் எங்கள் வவுச்சரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். கடைசி விமானம் எப்போதோ போய்விட்டது, இனி நாளைக் காலைதான் என்றார். வெளியே வெயில் சாய்ந்திருந்தாலும் வெளிச்சம் இருந்தது. பகல் இன்னும் மிச்சமிருக்கிறதே என்று நான் வாதாடியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

மாலத்தீவில் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். விமானி கண்ணால் பார்த்துத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும். கடலில் ஓடுபாதை விளக்கு கிடையாது. சூரியன் மறைவதற்குள் போய் இறங்கிவிட வேண்டும் என்பதால், பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு மாலத்தீவில் இறங்குகிறவர்களுக்கு அன்றைக்கு இடம் கிடைப்பது அரிது. நான்கு மணியைத் தாண்டிவிட்டால் நம்பிக்கையே வேண்டாம். இது இரகசியமும் இல்லை, அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அரிச்சுவடி. தெரிந்துகொண்டேதான் முகவர் எங்களுக்கு 5.10 விமானத்தைப் போட்டிருக்கிறார். அது மலிவு. அந்த வித்தியாசம் அவர் பையில்.

அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "சார், டென்ஷன் ஆகாதீர்கள், பக்கத்திலேயே ஹுல்ஹுமாலே தீவில் ஒரு இரவு தங்கிக்கொள்ளுங்கள், அழகான ஊர்" என்றார். செலவு யாருடையது என்று கேட்டேன். நிபந்தனைகளின் நான்காம் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். 'இணைப்புப் பயணம் தவறினால் அதற்கான தங்குமிடம் பயணியின் பொறுப்பு' என்று இருந்தது. தவறவிட்டவன் நானாம்! விடுதிக்குப் பேசினேன். முதல் இரவு அறை எங்களுக்காகத் தயாராகக் காத்திருந்தது, வராதது எங்கள் குறை, பணம் திரும்பாது என்று மிக இனிமையான குரலில் சொன்னார்கள்.

ஹுல்ஹுமாலேயில் ஒரு சிறிய விருந்தினர் இல்லத்தில் 84 டாலருக்கு அறை எடுத்தோம். அறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடல் தெரியாத ஜன்னலருகே உட்கார்ந்து என் மனைவி கேட்டாள்: "அந்த வில்லாவில் இப்போது நமக்காக விளக்கு எரிந்துகொண்டிருக்குமா?" எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். வவுச்சரின்படி அந்த விளக்குக்கு நாங்கள் கட்டியிருந்தது 610 டாலர்.

மறுநாள் விடுதி போய்ச் சேர்ந்ததும் வயிற்றெரிச்சல் இரட்டிப்பானது. மதிய உணவில் பக்கத்து மேசையில் இருந்த தம்பதி எங்களோடு அதே 5.10 விமானத்தில் வந்தவர்கள்! முந்தின இரவே விடுதிக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். எப்படி? பா தீவுக்கூட்டத்திலேயே தரவந்தூ என்ற தீவில் உள்நாட்டு விமான நிலையம் இருக்கிறது. அங்கே சாதாரண ஓடுபாதை. இருட்டிய பிறகும் விமானம் இறங்கலாம், அங்கிருந்து விரைவுப் படகு. கடல் விமானத்தைவிடச் செலவும் குறைவாம். என் முகவர் இந்த வழியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

சாப்பாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வேளையும் உணவு உண்டு என்றால் அதில் தண்ணீர் உண்டு என்று நம் புத்தி நினைக்கும். அங்கே மதியமும் இரவும் குடிக்கும் தண்ணீருக்குத் தனிப் பணம். பாட்டில் 8 டாலர் என்று அட்டையில் இருந்தது. பக்கத்தில் இரண்டு சிறிய கூட்டல் குறிகள். அந்தக் கூட்டல் குறிகளுக்கு அர்த்தம் தெரியாமல் மாலத்தீவில் எதையும் கையால் தொடாதீர்கள். முதல் குறி 10 சதவீதச் சேவைக் கட்டணம். இரண்டாவது சுற்றுலாத் துறைக்கான சரக்கு மற்றும் சேவை வரி. 2025 ஜூலை முதல் அது 17 சதவீதம். இரண்டையும் கூட்டி 27 என்று போட்டால் தப்பு. சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மேல்தான் வரி ஏறும். ஆக 100 டாலர் என்று எழுதியிருப்பது பில்லில் 128.70. எங்கள் 8 டாலர் தண்ணீர் 10.30 ஆனது. ஒன்பது பாட்டில்களுக்கு 92 டாலர் 66 சென்ட். பில்லைப் பார்த்த பிறகுதான் தொண்டை உலர்ந்தது.

திருக்கை விஷயத்தை எழுதலாமா என்று யோசித்தேன். பா தீவுக்கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடா மந்தா திருக்கைகளுக்கு உலகப் புகழ் பெற்றது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது நீரோட்டம் மிதவை உயிரிகளை அந்தக் குறுகிய விரிகுடாவுக்குள் தள்ளிவிடும், அவற்றைத் தின்னத் திருக்கைகள் கூட்டமாக வரும். மே, ஜூன் தொடங்கி நவம்பர் வரைதான் அந்தக் காட்சி. எங்களுக்கு அதைக் காட்டுவதாகச் சொல்லி முகவர் பணம் வாங்கியது ஜனவரிப் பயணத்துக்கு. விடுதியின் படகுக்காரர் நேர்மையானவர். இப்போது போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள் என்று சொல்லிவிட்டு, பக்கத்துப் பவளப் பாறைக்கு அழைத்துப்போய் ஒரு ஆமையைக் காட்டினார். அந்த ஆமைதான் பயணம் முழுவதிலும் எங்களை ஏமாற்றாத ஒரே ஜீவன் என்று மனைவி இன்றும் சொல்கிறாள். படகுக்காரரை விட்டுவிட்டாள், பாவம்.

கிளம்பும் நாளிலும் ஒரு அடி. எங்கள் விமானம் பிற்பகல் மூன்று மணிக்கு. நிதானமாகக் காலை உணவு, ஒரு கடைசிக் குளியல் என்று கனவு கண்டிருந்தோம். கடல் விமானத்தின் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த விடுதியில் எத்தனை பேர் என்று கணக்கிட்டு முந்தின நாள் மாலையில்தான் நிறுவனம் சொல்லும். எங்களுக்கு வந்த நேரம் காலை 6.45. காலை உணவு ஒரு அட்டைப் பெட்டியில் வந்தது.

அதற்கு முந்தின இரவு கணக்கு முடிக்கப் போனபோதுதான் எனக்கு ஒரே ஒரு வெற்றி கிடைத்தது. பில்லில் பசுமை வரி 96 டாலர். 'எல்லா வரிகளும் சேர்த்து' வாங்கியவருக்குச் செய்தி அனுப்பினேன். அது அரசாங்கத்தின் வரி, எங்கள் கணக்கில் வராது என்றார். மற்றவை யாருடைய வரியோ! சரி, அதையாவது சரிபார்ப்போம் என்று பார்த்தேன். 2025 ஜனவரி முதல் சொகுசு விடுதிகளில் தங்கும் வெளிநாட்டவருக்கு இந்த வரி ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர்; ஐம்பது அறைக்கு உட்பட்ட விருந்தினர் இல்லங்களில் 6. அப்படியானால் இரண்டு பேருக்கு மூன்று இரவுக்கு 72. இவர்கள் போட்டிருந்தது நான்கு இரவுக்கு. ஹுல்ஹுமாலே இல்லத்தின் ரசீதை எடுத்து மேசையில் வைத்தேன். அதே தேதிக்கு அங்கே 12 டாலர் பசுமை வரி கட்டியிருக்கிறேன். "ஒரே இரவில் ஒரு மனிதன் இரண்டு தீவுகளில் உறங்க முடியுமா?" என்று கேட்டேன். வரவேற்பறைப் பெண் உள்ளே போய் மேலாளரை அழைத்துவந்தார். மேலாளர் ரசீதை இரண்டு முறை படித்துவிட்டு 24 டாலரைக் கழித்தார். அந்த இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

முகவருக்கு முழுத் தொகையையும் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட்டது என் பெரிய முட்டாள்தனம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டுப் பார்க்கவாவது ஒரு வழி இருந்திருக்கும். இன்னொன்று: முன்பணம் கொடுக்கும் முன்னால் விடுதிக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, என் விமானம் இத்தனை மணிக்கு இறங்குகிறது, அன்றைக்கே அழைத்துக்கொள்வீர்களா, எந்த வாகனத்தில், கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. வேறு வழியில்லாமல் மாலையில்தான் இறங்க வேண்டும் என்றால், மாலேயிலிருந்து விரைவுப் படகில் போகக்கூடிய தூரத்தில் விடுதி பாருங்கள். இருட்டிய பிறகும் பல விடுதிகள் படகு அனுப்புகின்றன. டிசம்பர் கடைசியில் போகிறவர்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துக்குக் கட்டாயக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இழந்த இரவுக்கான பணத்தைக் கேட்டு முகவருக்கு இதுவரை ஐந்து கடிதங்கள் அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. போன வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. திருமண நாள் வாழ்த்தோ என்று ஆவலாகத் திறந்தால், மாலத்தீவுக்குச் சலுகை விலையில் நான்கு இரவுகள், விமான டிக்கெட்டும் சேர்த்து. விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். நீல நிற டிக் இரண்டு விழுந்திருக்கிறது.