வெள்ளவத்தை மந்திர வகுப்பு: படிப்புக்கு முழுப் புள்ளி, பிறவிக்குப் பாதி

வெள்ளவத்தையில் நான் போய்வந்த கதை எழுதும் வகுப்பைப் பற்றி முதலில் காசுக் கதை, ஏனென்றால் எல்லோரும் இன்பொக்ஸில் அதைத்தான் கேட்கிறீர்கள். நான்கு சனிக்கிழமை, காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணி வரை, 8,000 ரூபாய். பல்கலைக்கழக அடையாள அட்டை காட்டினால் 5,000. பிளேன்டீயும் ரோல்ஸும் அதற்குள் அடக்கம். கற்பனை உலகம் கட்டுவது எப்படி, அதிலும் குறிப்பாக அந்த உலகத்து மந்திரத்துக்கு விதி அமைப்பது எப்படி என்று தமிழில் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றை நான் கொழும்பில் வேறு எங்கேயும் பார்த்ததில்லை, அதனால் ஒப்பிட்டுச் சொல்ல வழியில்லை. நடத்துபவர்களின் பெயரைப் போடவில்லை. கீழே கொஞ்சம் கடிந்து எழுதியிருக்கிறேன், அவர்களோ சின்ன ஆட்கள், தேடிப்போய் அடிக்க வேண்டாம்.

இடம், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், தையல் கடை ஒன்றின் மேல்மாடி. 100 அல்லது 101 பஸ்ஸில் வந்தால் இறங்கி நடந்துவிடலாம். வாகனத்தில் வராதீர்கள், சனிக்கிழமை காலையில் வெள்ளவத்தையில் பார்க்கிங் கிடைப்பது அட்டமாசித்தியில் சேர்க்க வேண்டிய ஒன்பதாவது. ஏசி இருக்கிறது, வேலை செய்வதாகத் தெரியவில்லை. கதிரைகள் பிளாஸ்டிக். ரயில் போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஆனால் அந்த இடைவெளியில்தான் பக்கத்தில் இருப்பவரின் கொப்பியை எட்டிப் பார்க்க முடிந்தது என்பதால் எனக்குக் குறையில்லை.

இனி விஷயம். வகுப்பு மந்திரத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று பிறவியிலேயே வருவது, மற்றது படித்து வருவது. முதல் இரண்டு சனிக்கிழமை படிப்பு, மூன்றாவது பிறவி, நான்காவது நாள் அவரவர் எழுதியதை வாசித்துக் காட்டுவது. அந்தப் படிப்புப் பகுதி நன்றாக இருந்தது, தயங்காமல் சொல்வேன். வகுப்பு எடுக்கும் சேர், ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டிலிருந்து தொடங்கினார். 1974இல் வந்த அந்த விளையாட்டில் புத்தகம் பார்த்து மந்திரம் படிக்கும் ஆள் ஆரம்பத்திலிருந்தே உண்டு, ஆனால் இரத்தத்திலேயே மந்திரம் ஓடும் சோர்சரர் தனி வகையாக வந்தது 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில்தான். அங்கே விஸார்ட், அதாவது அந்தப் புத்தகம் பார்க்கிற ஆள், காலையில் புத்தகத்தைத் திறந்து இன்றைக்கு எது தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிவு செய்து வைக்க வேண்டும். சோர்சரருக்குத் தெரிந்த மந்திரங்கள் குறைவு, ஆனால் நினைத்த நேரத்தில் நினைத்ததை விடலாம். அதற்குத் தண்டனையாக விஸார்ட் மூன்றாம் மட்டத்திலேயே எட்டுகிற அடுத்த தர மந்திரங்கள் இவருக்கு நான்காம் மட்டத்தில்தான் கிடைக்கும். ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் குறைத்துவிடு என்கிற கணக்கை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

பிறகு அமெரிக்கக் கற்பனைக்கதை எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் மந்திரத்தைப் பற்றி 2007இல் எழுதிய முதல் விதிக்கு வந்தார்: வாசகருக்கு மந்திரம் எவ்வளவு விளங்கியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அதை வைத்துக் கதைச் சிக்கலை அவிழ்க்கலாம். சரி, இது இணையத்தில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அதற்கு அவர் எடுத்த உதாரணங்கள் நம்முடையவை. அசுவத்தாமனுக்கு பிரம்மாஸ்திரத்தை விடத் தெரியும், திருப்பி அழைக்கத் தெரியாது. அர்ச்சுனனுக்கு இரண்டும் தெரியும். ஒரே பாடம், ஒரே வாத்தியார் துரோணர், ஆனால் அவரின் சொந்த மகன் அசுவத்தாமன் பாதியில் நிற்கிறான், அந்தப் பாதிப் படிப்பால் வருகிற அழிவு முழுப் படிப்பால் வருவதைவிடப் பெரிது. கசன் சுக்கிராச்சாரியாரிடம் செத்தவரை எழுப்பும் வித்தையைப் படித்து முடித்தபின் அவர் மகள் தேவயானி சபிக்கிறாள், உனக்கு அது பலிக்காது என்று. அவன், பரவாயில்லை, நான் சொல்லிக்கொடுப்பவனுக்குப் பலிக்கும் என்று எழுந்து போகிறான். தானே பாவிக்க முடியாத வித்தையைச் சுமந்துகொண்டு திரிகிற வாத்தியார்! இதை வைத்து ஒரு நாவலே எழுதலாம், ஒருவரும் எழுதாமல் இருக்கிறோம்.

வகுப்பின் உண்மையான சரக்கு, அவர்கள் "விலைச்சீட்டு" என்று சொல்லும் அரைத்தாள். சக்தி என்ன, யாருக்கு வரும், ஒரு தடவை பாவித்தால் என்ன போகும், எதைச் செய்யவே முடியாது, இதனால் ஊரில் யாருக்கு நட்டம். கடைசிக் கேள்விதான் ஆளைக் கொல்லும். மொரட்டுவையில் படிக்கும் ஒரு தம்பி மந்திரப் பல்கலைக்கழகம் ஒன்றைக் கட்டியிருந்தான், அனுமதி இசட்-ஸ்கோரில், அதாவது ஏ/எல் புள்ளிகளைச் சமப்படுத்திப் போடும் அந்த மதிப்பெண்ணில். தீ மந்திரத்துக்குக் கொழும்பு வெட்டுப்புள்ளி 1.9, கிளிநொச்சிக்கு 1.2. நூற்றுக்கு 40 திறமை அடிப்படையில், 55 மாவட்டத்துக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று நம்முடைய அனுமதி முறையை அப்படியே தூக்கி வைத்திருந்தான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் விலைச்சீட்டின் கடைசிக் கேள்விக்கு அவன் எழுதியிருந்தது சிரிக்கிற விஷயமில்லை: தலைநகரத்துப் பணக்காரர்கள் பிள்ளைகளைக் கடைசி இரண்டு வருடம் தூர மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பதிந்துவிடுகிறார்கள், அந்த ஊர்ப் பிள்ளைக்கு இடமில்லை, மந்திரம் படிக்காத கோபத்தில் அவன் மந்திரத்தை முறிக்கிற மருந்து காய்ச்சப் பழகுகிறான். எதிராளி அவன்தான். சேர் எழுந்து கைதட்டினார்.

இவ்வளவு நன்றாகப் போன வகுப்பு மூன்றாவது சனிக்கிழமை சறுக்கியது.

பிறவி மந்திரத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி, ஸ்லைடில் வந்த பட்டியலுக்கே போய்விட்டது. தேவ இரத்தம், டிராகன் இரத்தம், தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தை, நெற்றியில் அடையாளம், இப்படி. ஸ்லைடுகள் எல்லாம் ஆங்கிலத்தில், எங்கேயிருந்தோ எடுத்து ஒட்டியவை. அதன்பிறகு மன்னாரிலிருந்து வந்து இங்கே வங்கியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை தன் விலைச்சீட்டை வாசித்தாள். ஒரு கரையோரக் கிராமம், ஒரே ஒரு குடும்பத்துக்குக் கடலை அடக்கும் வாக்கு உண்டு, ஒவ்வொரு தடவை அடக்கும்போதும் அடக்கியவருக்கு ஒரு நாள் காது கேட்காது. சேர் உடனே பிடித்துக்கொண்டார். வாடைக்காற்றுக் காலத்தில் மற்ற ஊர்கள் வள்ளம் இறக்காது, இவர்கள் இறக்குவார்கள், அப்படியென்றால் பேலியகொடை சந்தையில் மீன் விலை என்ன ஆகும்? ஐஸ் எங்கேயிருந்து வரும்? முதலாளி அந்தக் குடும்பத்துக்கு முற்பணம் கொடுத்து வருடக்கணக்கில் கட்டிப்போட மாட்டாரா? அரைமணி நேரம் போர்டில் கணக்கு ஓடியது, நாலு வகுப்பிலும் எனக்கு அதிகம் பிடித்த அரைமணி நேரம் அது. கடைசியில் அந்தப் பிள்ளை சாதாரணமாகச் சொன்னாள்:

"சேர், அப்ப அந்த வீட்டுப் பொம்பிளைப் பிள்ளையை வெளியில கட்டிக் குடுக்க மாட்டினம்தானே."

இதுதான் விஷயம்! வாக்கு இரத்தத்தில் வருகிறது என்றால் இரத்தத்தைக் காவல் காக்க ஆள் வரும். யார் யாரைக் கட்டலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், வாக்கு வராத பிள்ளை பிறந்தால் தாயை என்ன செய்வார்கள், வேறு குடும்பத்தில் வாக்கு வந்த பிள்ளை பிறந்தால் அதை என்ன செய்வார்கள். பிறவி மந்திரம் என்று எழுதிய உடனேயே நீங்கள் ஒரு சாதியை உண்டாக்கிவிட்டீர்கள், தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும். நான் கையைத் தூக்கி இதைத்தான் கேட்டேன். சேர் சிரித்துக்கொண்டே, "அரசியல் வேண்டாம், நாங்கள் கற்பனையிலேயே நிற்போம்" என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். மீன் விலை கற்பனையாம், சம்பந்தம் பேசுவது அரசியலாம்.

கொடுமை என்னவென்றால், முந்தின வாரம் அவரே கர்ணனைப் பற்றி அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போனார். கர்ணனிடம் இரண்டு வகையும் உண்டு. கவசகுண்டலம் பிறவி, பிரம்மாஸ்திரம் படிப்பு. பிறவியில் வந்ததை இந்திரன் பிராமண வேடத்தில் வந்து கேட்டு வாங்கிப் போகிறான், பதிலுக்குக் கிடைத்த வேல் ஒரே ஒரு தடவைக்குத்தான், அதுவும் பதினான்காம் நாள் இரவில் கடோற்கசன்மேல் செலவாகிவிடுகிறது. படிப்பில் வந்ததோ, பிறப்பை மறைத்துப் படித்தான் என்பதற்காக, உயிர்போகும் நேரத்தில் மறந்துபோகக் கடவது என்று பரசுராமரின் சாபத்தோடு வருகிறது. ஏகலைவன் வாத்தியாரே இல்லாமல் படித்தான், கட்டைவிரல் போயிற்று. ஆக, படிப்புக்கும் வாசலில் பிறப்பைக் கேட்கிற ஆள் நிற்கிறான். வகுப்பு போட்ட இரண்டு பெட்டியும் கர்ணனிடம் வந்தவுடன் உடைந்துவிடுகிறது. அந்த உடைசலில் இருந்துதான் நல்ல கதை வரும், அதைத்தான் அவர் தாண்டிப் போனார்.

இடைவேளையில் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே மட்டக்களப்புத் தங்கை ஒருத்தியும் இதையே வேறு மாதிரிச் சொன்னாள். காலையில் சேர் அவளைப் பார்த்து, நீங்கள் வந்த ஆளை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைக்கிற ஊராச்சே என்று பகிடி விட்டிருந்தார். அவள் ஆயிரம் தடவை கேட்ட பகிடி. அவள் ஊரில் மந்திரம் தெரிந்தவர் என்றால் அவருக்கு ஒரு குரு இருப்பார், ஏடு இருக்கும், அந்த ஏட்டை வெளியாளுக்குக் காட்ட மாட்டார், அநேகமாக மகனுக்கோ மருமகனுக்கோதான் போகும் என்றாள். தெற்கில் நோய் தரும் பேய்களான 18 சன்னிகளின் முகமூடி போட்டு, அவற்றை ஓட்டும் தொவில் சடங்கு ஆடுகிறவர்களின் வித்தையும் பெரும்பாலும் குடும்ப வழியில்தான் இறங்குகிறது. வருடக்கணக்கில் படித்துத்தான் ஆடுகிறார்கள், ஆனால் யார் படிக்கலாம் என்பது தொட்டிலிலேயே முடிவாகிவிடுகிறது. இதை எந்தப் பெட்டியில் போடுவது?

வந்திருந்தவர்களில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருந்தார். பேரப்பிள்ளைக்குக் கதை எழுத வந்தாராம். அவர் நான்காம் நாள் எழுந்து, பதஞ்சலி யோக சூத்திரத்தின் நாலாம் பாதம் முதல் சூத்திரமே இதுதானே தம்பி என்றார். சித்திகள் வருவது ஐந்து வழியில்: பிறப்பால், மூலிகையால், மந்திரத்தால், தவத்தால், சமாதியால். நாங்கள் நாலு வாரமாக இரண்டு பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம், ரீச்சர் ஒரு வரியில் ஐந்து பெட்டி வைத்துவிட்டார். அதைக் கேட்டபின் என்னுடைய சொந்த விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மூலிகை வழி என்றால் மந்திரம் சந்தைக்கு வரும், பதுக்கல் வரும், கலப்படம் வரும். தவ வழி என்றால் காலம்தான் விலை, அந்தக் காலத்தில் அவனுக்குச் சோறு போட்டது யார் என்று கேட்கலாம். இராவணன் வரம் கேட்டபோது மனிதனைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது மாதிரி, வரத்தின் ஓட்டை தவம் செய்தவனின் தலைக்கனத்தைக் காட்டும். ஒவ்வொரு வழிக்கும் தனி ஊர், தனிச் சண்டை. இந்த ஐந்தையும் வைத்து மூன்றாவது சனிக்கிழமையை மாற்றி அமைத்தால் வகுப்பு எங்கேயோ போய்விடும். ரீச்சரைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடலாம், நகைச்சுவைக்குச் சொல்லவில்லை.

கையேடு பற்றி ஒரு வார்த்தை. 40 பக்கம், போட்டோ கொப்பி, மூன்று பக்கம் தலைகீழாகக் குத்தியிருக்கிறது. விலைச்சீட்டுப் பக்கங்களைத் தவிர மற்றதைத் திரும்பப் பார்க்க மாட்டீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்புத்தகம் அசல் பார்க்க ஆசையிருந்தால் மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம், பேரம் பேசாமல் வாங்காதீர்கள்.

யார் போகலாம்? ஏற்கெனவே ஏதோ எழுதிக்கொண்டிருந்து, நாயகன் எதையும் செய்யக்கூடியவனாகிப் போனதால் கதை நின்றுவிட்டவர்கள் கட்டாயம் போங்கள், விலைச்சீட்டு ஒன்றே 8,000 ரூபாய்க்குப் பெறும். இப்போதுதான் தொடங்குகிறேன் என்பவர்களும் போகலாம், ஆனால் மூன்றாவது நாள் சொல்வதை வேதவாக்காக எடுக்காமல் கையைத் தூக்கிக் கேளுங்கள். ஓ/எல் பிள்ளைகளை அனுப்பலாமா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். அனுப்பலாம் அக்கா, சேர் நல்லவர், சத்தம் போட மாட்டார், சின்னவர்களின் கதையைத்தான் அதிகப் பொறுமையாகக் கேட்டார். நால்வர் சேர்ந்து பதிந்தால் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் குறைக்கிறார்கள், இதை விளம்பரத்தில் போடவில்லை, வாயைத் திறந்து கேட்க வேண்டும். அடுத்த தொகுதி சித்திரை வருடப் பிறப்பு முடிந்த பிறகு என்றார்கள். ஜன்னல் ஓரக் கதிரையைப் பிடியுங்கள், காற்று அங்கே மட்டும்தான் வரும்.