ராகி பிஸ்கட்டில் ராகி எவ்வளவு?

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆனால் சாயங்கால டீயோடு ஏதாவது கடித்தாக வேண்டும். அதனால்தான் கேழ்வரகுக் கதிர் படம் போட்டிருந்த அந்த ராகி பிஸ்கட்டை, 100 கிராம் 60 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். ருசியைக் குறை சொல்ல மாட்டேன், மொறுமொறுவென்று நன்றாகவே இருந்தது. அம்மா "சத்துதானே" என்று ஒரு வேளைக்கு நாலு, அஞ்சு என எடுக்க ஆரம்பித்த பிறகுதான் பாக்கெட்டைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன்.

எடையில் எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும், அது சட்டம். இதில் முதலில் இருந்தது 'ரீஃபைண்ட் வீட் ஃப்ளோர்', அதாவது நம்ம மைதா. அப்புறம் சர்க்கரை, அப்புறம் பாமாயில், நாலாவதாகத்தான் ராகி, அதுவும் 14 சதவீதம். இன்னும் கீழே போனால் 'இன்வர்ட் சிரப்' என்று ஒன்று, பெயர் வேறாக இருந்தாலும் அதுவும் சர்க்கரைதான்.

கேழ்வரகில் கால்சியம் அதிகம் என்பது உண்மை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அரிசி அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் இந்தப் பாக்கெட் முழுக்கத் தின்றாலும் உள்ளே போவது 14 கிராம் ராகி, அதிலிருந்து கிடைப்பது சுமார் 50 மில்லிகிராம் கால்சியம். ஒரு டம்ளர் பாலில் 200-க்கு மேல் கிடைத்துவிடும். அதே பாக்கெட்டில் சர்க்கரை மட்டும் 26 கிராம்! பெரியவர்கள் ஒரு நாள் முழுக்கவே 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முன்பக்கத்தில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் எப்போதுமே இருந்ததில்லை, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை, அதாவது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் கொழுப்பை; பாமாயிலில் ஏறக்குறைய பாதி அதுதான்.

ஆசைக்கு ஒன்றிரண்டு என்றால் வாங்குங்கள், பிஸ்கட்டாக நல்ல பிஸ்கட். சத்துக்காக என்றால், அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றால், தயவுசெய்து வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டுகிறோம். கேழ்வரகும் மாவுச்சத்துதான், அளவு மீறினால் சர்க்கரை ஏறும், அதனால் அம்மாவுக்கு ஒரு அடையோடு சரி.