ஆய்வுத் தரவுத்தள மென்பொருள்: கட்டுரைக்கு அருமை, திட்ட நிதிக்குத் தலைவலி

வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "கட்டுரை, திட்ட நிதி எல்லாம் பதிவு பண்ண நீங்க வச்சிருக்கிற அதே மென்பொருளை வாங்கலாமான்னு எங்க பதிவாளர் கேக்கறார். என்ன சொல்லட்டும் சார்?" பேச்சுவாக்கில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் கட்டுரைகள். இந்த வேலையில் அதை மிஞ்ச முடியாது. டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்) ஒட்டினால் போதும். தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், ஆசிரியர் வரிசை எல்லாம் அந்த எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பிலிருந்து தானாக வந்துவிடும். முன்பெல்லாம் துறைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, வருகிற வேர்டு கோப்புகளைச் சேர்த்து, ஒரே கட்டுரை இயற்பியலிலிருந்தும் வேதியியலிலிருந்தும் வந்திருந்தால் கண்ணால் தேடி நீக்குவோம். இப்போது டிஓஐ ஒன்றாக இருந்தால் மென்பொருளே தடுத்துவிடுகிறது. நம் ஆட்களின் பெயர் ஓர் இதழில் இனிஷியல் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாகவும் அச்சாகும். ஆய்வாளருக்கென்று தனியாக உள்ள 16 இலக்க ஆர்சிட் எண்ணை இணைத்த பிறகு அந்தத் தொல்லையும் பெருமளவு தீர்ந்தது. தமிழ்த் துறைக் கட்டுரைகள் பலவற்றுக்கு டிஓஐ கிடையாது, கையால்தான் தட்ட வேண்டும். ஆனால் யூனிகோடில் தமிழ்த் தலைப்பை அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

சரி, திட்ட நிதிக்கு வருவோம். என் பொறுமை போவது இங்கேதான்.

ஒரு உதாரணம். 2021 நவம்பரில் 'செர்ப்' (ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்துவந்த மத்திய அரசு வாரியம்) 36 லட்ச ரூபாய்க்கு மூன்றாண்டுத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தருகிறது என்று வையுங்கள். முழுப் பணமும் ஒரே தடவையில் வராது. முதல் தவணை 18 லட்சம் வரும். செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்பிய பிறகு அடுத்த நிதியாண்டில் 10 லட்சம், அதற்கடுத்து 8 லட்சம். திட்டம் நடத்திய எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை இது. மென்பொருளில் இருப்பதோ ஒரே ஒரு 'தொகை' பெட்டி, ஒரே ஒரு தேதி. அறிக்கை எடுத்தால் 2021–22இல் 36 லட்சம் நிற்கும், அடுத்த இரண்டு ஆண்டும் காலி.

மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்ஐஆர்எஃப் கேட்பது ஒவ்வொரு நிதியாண்டிலும் கைக்கு வந்த தொகையை. ஒப்புதலான தொகையை அங்கே போட்டால் அது தப்பான கணக்கு. மென்பொருள் நிறுவனத்தின் உதவி மையம் சொன்ன வழி, தவணைக்கு ஒன்றாக மூன்று பதிவு போடுவது. அப்படிப் போட்டால் ஒரு திட்டம் மூன்று திட்டமாகக் கணக்கில் ஏறும். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு தரவுச் சரிபார்ப்பில் ஒப்புதல் கடிதங்களைக் கேட்கும்போது மூன்றுக்கும் ஒரே கடிதத்தையா காட்டுவது? எண்ணிக்கையை ஊதிக் காட்டினோம் என்ற பெயர் பல்கலைக்கழகத்துக்குத்தான் வரும். அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. தவணைக் கணக்கு இன்றுவரை நிதி அலுவலகத்து எக்செல் தாளில்தான் இருக்கிறது.

இதற்கு மேல் ஒரு அப்டேட் வேறு. 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி செர்ப் போய் அதன் இடத்தில் ஏஎன்ஆர்எஃப் என்ற புது அமைப்பு வந்ததல்லவா? நிதி நிறுவனங்களின் பட்டியலில் பழைய பெயரை அழித்து அதே இடத்தில் புதுப் பெயரை எழுதிவிட்டார்கள். பழைய பதிவுகளும் கூடவே மாறிவிட்டன. 2021இல் ஒப்புதலான திட்டத்துக்கு அப்போது இல்லாத அமைப்பு நிதி கொடுத்ததாக அறிக்கை சொல்கிறது. இணைத்திருக்கும் கடிதத்தில் பழைய பெயர். புதுப் பெயரைத் தனி வரியாகச் சேர்த்திருந்தால் வேலை முடிந்தது. பல தடவை எழுதிவிட்டேன். 'அடுத்த வெர்ஷனில் பார்க்கிறோம்' என்ற பதிலைத் தவிர எதுவும் வரவில்லை.

நியாயமாகச் சொன்னால், பதிவு செய்த தரவு எதுவும் இதுவரை காணாமல் போனதில்லை. பயிற்சி கொடுக்க வந்த பையன் வயதான பேராசிரியர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பட்டியல் போட்டால் நல்லதுதான் அதிகம் இருக்கும். ஆனாலும் இன்றைக்கு என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். கட்டுரைப் பட்டியலில் ஒரு பக்க எண் தப்பினால் திருத்திக்கொள்ளலாம். பொதுப் பணத்தின் கணக்கை அப்படி விட எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதிவாளர் வாங்கியே தீருவேன் என்றால், டெமோவுக்கு வருகிறவர்களிடம் அவர்கள் கொண்டுவரும் மாதிரித் தரவை ஓட்டவிடாதீர்கள். உங்கள் கோப்பிலிருந்தே மூன்று தவணையில் பணம் வந்த பழைய செர்ப் திட்டம் ஒன்றின் ஒப்புதல் கடிதத்தைக் கொடுங்கள். உங்கள் முன்னாலேயே பதிவு செய்து நிதியாண்டுவாரி அறிக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கூட நிதி அலுவலரும் உட்காரட்டும்.